ஸ்கேன் அறையில் கொடுத்த பேடா

வயிற்றின் மேல் வைத்து ஓட்டுகிற ப்ரோபை எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். பேடாவை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் ஒருநாள் காலையில், ஒரே ஒரு பேடாவால் என் மெஷினுக்குச் சீல் விழவும் ஒரு பெண்ணின் உயிர் போகவும் நானே வழிசெய்யப் பார்த்தேன்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம், தாராவிக்குள் திரும்பும் முனையில், இருபத்தெட்டு வருடம் கர்ப்ப ஸ்கேன் பார்த்தவள் நான். இப்போது செம்பூரில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கேட்டீர்கள். பாராட்டு வாங்கிய கதைகளைச் சொன்னால் மரியாதைக்குக் கைதட்டிவிட்டு மறந்துபோவீர்கள். மானம் போன கதையைச் சொல்கிறேன், நினைவில் இருக்கும்.

நம்மிடம் வருகிறவர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப மாத ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வோம். ஒரு கணவன், தன் மனைவிக்குத் துணையாகத் தானும் ஒரு லிட்டர் குடித்துவிட்டு வந்து, அவள் ஸ்கேன் முடித்து ஓடிவந்த நேரத்தில் இருந்த ஒரே கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கதவைத் தட்டிய தட்டில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். இன்னொரு மாமனார், "வயித்துக்குள்ள கரண்டு விடுதீயளே, பிள்ளைக்கு ஷாக் அடிக்காதா?" என்று கேட்டு மெயின் சுவிட்சை அணைத்தே விட்டார். கரண்டும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை, காதுக்குக் கேட்காத சத்தம்தான் உள்ளே போய்த் திரும்புகிறது என்று இருட்டில் நின்று அவருக்குப் பாடம் நடத்தினேன். சிரிக்காதீர்கள். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது, சொல்வதற்குத்தான் நமக்குச் சோம்பல்.

எல்லோருக்கும் ஆதாரமான கேள்வி ஒன்றுதான். ஆணா, பெண்ணா? சட்டப்படி வாயாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் மெஷினுக்குச் சீல், நமக்குக் கோர்ட்டு. இந்த நகரத்தில் எத்தனை விதமாகக் கேட்பார்கள் தெரியுமா? கவுன் வாங்கவா, சட்டை வாங்கவா என்பார்கள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டாக்டர், பையன்னா ஒரு தடவை இருமுங்க" என்றார் ஒருவர். எனக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். அவர் மனைவியை ஸ்கேன் பண்ணிய இருபது நிமிடமும் இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணீரைப் பார்த்து, பெண் குழந்தைக்காக டாக்டரே அழுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்.

ஆகவே எனக்கு இரண்டு பழக்கம் உண்டு. சிசுவின் தொடைகளுக்கு நடுவே வரும்போது ப்ரோபைச் சட்டென்று நகர்த்திவிடுவேன். எனக்கே தெரியாததை என் முகம் எப்படிக் காட்டிக்கொடுக்கும்? இரண்டாவது, யார் வாயைத் திறந்தாலும் முந்திக்கொண்டு ஒரே வசனம் சொல்லுவேன்: "என்ன குழந்தைன்னு கேக்காதீங்க. நல்லா இருக்கான்னு முதல்ல கேளுங்க." இந்த வசனத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. எங்கள் ரிசப்ஷனில் இருந்த மாவ்ஷி, அதாவது எல்லோரும் சித்தி என்று மராத்தியில் கூப்பிட்ட அந்த அம்மாள், நான் வாயைத் திறக்கும்போதே கூடச் சேர்ந்து உதடு அசைப்பார்.

மாவ்ஷியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸதாராப் பக்கத்து மராத்திக்காரர். வெயிட்டிங் ஹாலில் தாராவிப் பெண்களோடு பேசிப் பேசித் திருநெல்வேலித் தமிழ் கற்றுக்கொண்டவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எனக்கே சில வார்த்தைக்கு அவர்தான் அர்த்தம் சொல்லுவார். எனக்கு எத்தனையோ பேராசிரியர்கள் இருந்தார்கள். முகத்துக்கு நேராக "நீ செய்தது தப்பு" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

இனி அந்த நாள். அதற்கு முந்தின நாள் என் மகள் சி.ஏ. கடைசிப் பரீட்சையில் தேறியிருந்தாள். இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் அரைக் கிலோ பேடா வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வேண்டுமென்றேதான் பேடா வாங்கினேன். இந்த ஊரில் பையன் பிறந்தால் பேடா, பெண் பிறந்தால் பர்ஃபி கொடுப்பது வழக்கம். நான் பிறந்தபோது அப்பா தன் ஆபீசில் பர்ஃபி கொடுத்தாராம். என் பெண்ணுக்கு நான் பேடா கொடுக்கிறேன், எவன் கேட்பான் என்று ஒரு வீம்பு. பெட்டியை ஸ்கேன் அறை மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். புத்தி இருக்கிறவள் செய்கிற காரியமா?

அன்று முதல் ஆளாக வந்தவள் பவானி. ஏழு மாதம். கூட மாமியார் பேச்சியம்மாள். தாராவியில் ஒரே அறை வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கிற குடும்பம். மகன் கணேசன் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை. பவானிக்கு ஏற்கெனவே நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. பேச்சியம்மாள் மருமகளிடம் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. "அவளப் படுக்கச் சொல்லுங்க" என்று அவள் பக்கத்தில் நின்றுகொண்டே என்னிடம் சொல்லுவார்.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பவானிக்கு நஞ்சு, அதாவது குழந்தைக்குத் தாயின் ரத்தத்திலிருந்து ஊட்டம் கொடுக்கிற நஞ்சுக்கொடி, கீழே இருந்தது. கர்ப்பம் வளர வளரப் பெரும்பாலும் அது மேலே நகர்ந்துவிடும், பயப்படாதே, ஏழாம் மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். இப்போது பார்த்தால் நகரவில்லை. கர்ப்பப்பை வாயை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திடீரென்று ரத்தம் கொட்டலாம், நிமிடக் கணக்கில் ஆபரேஷன் தேவைப்படலாம். குழந்தை நன்றாக இருந்தது. ஆபத்து பவானிக்கு.

இவர்களோ மறுநாள் மத்தியானம் ரயில் ஏறுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் அவர்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை, வருடத் திருவிழா. தாராவியில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்டு போகிற கொடை. ஒன்றரை நாள் ரயில், பிறகு பஸ். இதை நான் நிறுத்த வேண்டும், அதுவும் பேச்சியம்மாளிடம் சொல்லி நிறுத்த வேண்டும். மனுஷி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாதே என்று, கொஞ்சம் மனசைக் குளிரவைக்கலாம் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தேன். "முதல்ல இதை எடுத்துக்கோங்கம்மா, அப்புறம் பேசலாம்."

பேச்சியம்மாள் பேடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் நிரம்பிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். இந்த ஊரில் இனிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று மட்டும் நினைத்துக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன். நஞ்சு எங்கே இருக்கிறது, ரத்தம் எப்படிப் போகும், ஏன் பயணம் கூடாது, ஏன் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் கைகூப்பித் தலையாட்டினார். "சரிம்மா. சரிம்மா. நீங்க நல்லா இருக்கணும்." பவானி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இவ்வளவு கெட்ட செய்தியை இவ்வளவு பக்குவமாகக் கேட்டுக்கொண்ட குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பெண் வந்தாள். ஸ்கேன் முடிந்தது, எல்லாம் சரியாக இருந்தது, சொன்னேன். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டினாள்.

"எனக்கு?"

"என்னம்மா?"

"பேடா."

"இன்னிக்கு உனக்குச் சர்க்கரை டெஸ்ட் எழுதியிருக்காங்க. இனிப்பு வேண்டாம்."

அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சரி, ஒரு பேடாவில் என்ன ஆகிவிடப்போகிறது என்று பெட்டிக்குக் கையைக் கொண்டுபோனேன். கதவு படாரென்று திறந்தது.

"தேவூ நகா!" என்று மராத்தியில் கத்தினார் மாவ்ஷி. கத்திய வேகத்திலேயே தமிழுக்கு வந்தார். "குடுக்காதிய! என்ன காரியம் பண்ணிப்போட்டிய மேடம்? பேச்சியம்மா ஹால் பூரா சொல்லிட்டுப் போயிருக்காவ. டாக்டரம்மா வாயால சொல்லல, பேடாவால சொல்லிட்டாவன்னு!"

ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேரும் என் கையைப் பார்த்தார்கள். கொடுத்தால் பையன், கொடுக்காவிட்டால் பெண். ஒருத்தி போன் போட்டுப் புகார் சொன்னால் போதும், "வேறு எந்த விதத்திலோ" என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதே, அதற்கு நானே உதாரணமாகிவிடுவேன். இருபது வருடத்துக்கு மேல் இருமலைக்கூட அடக்கிய நான், அரைக் கிலோ பேடாவைக் கடைபரப்பி வைத்து மாட்டிக்கொண்டேன்.

மாவ்ஷிதான் யோசனை சொன்னார். முனைக் கடைக்கு ஓடி அரைக் கிலோ பர்ஃபி வாங்கிவந்தார். ஆளுக்கு ஒரு பேடா, ஒரு பர்ஃபி. அப்போது யாருக்கும் எந்த அர்த்தமும் வராதில்லையா? முதல் தட்டை நீட்டியதுமே ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ரெட்டையா டாக்டர்?" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் கணவன் நாற்காலியைத் தேடினான். கூட வந்தவர்களுக்கும் கொடு என்றேன். வாட்ச்மேனுக்கும் கொடுத்தாயிற்று. அறுபது வயது வாட்ச்மேன் வாங்கிக்கொண்டு, "எனக்குமா மேடம்?" என்று கேட்டு ஹாலைச் சிரிக்கவைத்தார். கடைசியில் மாவ்ஷி ஸ்டூல் மேல் ஏறி, "மேடம் மக பாஸாயிட்டா! அதுக்குத்தான் மிட்டாயி! வேற ஒண்ணும் கெடையாது!" என்று அறிவித்தார். "மக பாஸானதுக்குப் பேடாவா?" என்று ஒரு கிழவர் சந்தேகம் கேட்டார். அவரைப் பதினொரு பெண்களும் சேர்ந்து கவனித்துக்கொண்டார்கள்.

நான் டீ குடித்தேன். மெஷின் தப்பித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் என் மெஷினைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாவ்ஷி டம்ளரை எடுக்க வந்தவர், "அந்தப் புள்ள நாளைக்கு ரயிலு ஏறுதே, சரியா மேடம்?" என்றார்.

"போகமாட்டாங்க. எல்லாம் விளக்கமா சொல்லியாச்சு. நல்லா தலையாட்டினாங்க."

"பேடா வாங்குனவ எதுக்கும் தலையாட்டுவா மேடம்."

படிவத்தில் எழுதியிருந்த கணேசன் நம்பருக்குப் போன் போட்டேன். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில், "டாக்டர்! அம்மா சொல்லிச்சு! ரொம்பத் தாங்க்ஸ்!" என்றான். பயணம் கூடாது என்று நான் கத்தினேன். "ஒண்ணும் டென்ஷன் எடுக்காதிய டாக்டர். அம்மா இப்பதான் சுடலைக்குக் கெடா நேர்ந்துச்சு. பேரன் விசயம், போகாம இருக்க முடியாது." போன் அறுந்தது.

நேற்று வரைக்கும் அது ஒரு கொடைப் பயணம். வேண்டாம் என்றால் முணுமுணுத்துவிட்டு நின்றிருப்பார்கள். இப்போது அது நேர்த்திக்கடன். பேடா கொடுத்து அந்த ரயிலில் பவானியை ஏற்றிவிட்டது நான்தான். ஹாலில் மீதி இருந்தவர்களை வேகமாகப் பார்த்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் மாவ்ஷியையும் இழுத்துக்கொண்டு தாராவிக்குள் நடந்தேன்.

சந்துக்குள் நுழையும்போதே முறுக்கு எண்ணெய் வாசனை. வீட்டு வாசலில் இரண்டு பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. கணேசன் ஓடிவந்து என்னைச் சந்திலேயே மறித்தான். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரனுக்கு ஆபத்துன்னு ஒரு வார்த்தை போட்டுருங்க டாக்டர். அம்மா அடுத்த நிமிசம் டிக்கெட்ட கேன்சல் பண்ணிரும்" என்றான்.

நல்ல யோசனை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு என்ன குழந்தை என்று தெரியாது, பொய் சொன்னதாகக்கூட ஆகாது. ஆனால் பிரசவ வார்டில் வேறு பதில் வந்தால், பவானி அந்த ஒற்றை அறையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்? அவளைக் காப்பாற்றுவதற்கு அவளே காரணமாக இருக்கக் கூடாதா? வார்த்தையை விழுங்கினேன்.

பேச்சியம்மாள் என்னைக் கண்டதும் சுடலைமாடனே நேரில் வந்ததுபோல் எழுந்து நின்றார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்தப் பேடா என் மக பாஸானதுக்கு வாங்கினது."

"சரிம்மா" என்று சொல்லி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"சத்தியமா சொல்றேன். அதுக்கும் உங்க மருமக வயித்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"பொறவு? வெளிய சொல்ல முடியுமா? போலீசு இருக்குல்லா. எனக்குத் தெரியாதா?" இன்னொரு சிமிட்டல்.

மறுக்க மறுக்க நான் உறுதிசெய்துகொண்டே போனேன். கடைசி ஆயுதமாக என் மகளுக்கு வீடியோ காலில் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். "ஆமா பாட்டி, எனக்குத்தான் பேடா. ஆனா ஊருக்கெல்லாம் குடுத்துட்டு எனக்கு இன்னும் ஒண்ணுகூடக் குடுக்கல எங்கம்மா" என்றாள் அவள். பேச்சியம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிள்ளையையும் நல்லா சொல்லிக்கொடுத்து வச்சிருக்கிய" என்று மெச்சினார்.

மாவ்ஷி தலையில் அடித்துக்கொண்டார். நான் நாடி பார்க்கிற சாக்கில் மூலையில் இருந்த பவானியிடம் போனேன். நாலு வயதுப் பெண் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் ரூம்ல சொன்னது உனக்காவது கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுச்சு டாக்டர்" என்றாள் மெதுவாக.

"அப்புறம் ஏம்மா வாயைத் திறக்கல? உன் உயிரும்மா அது."

"மத்தியானம் அத்த அவ்வோ கையால எனக்குச் சோறு போட்டாவ. பெரியவ பொறந்து நாலு வருசத்துல இதான் மொத தடவ." தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு நாளாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

எத்தனை ஸ்கேன் பார்த்திருப்பேன், எத்தனை பெண்களைப் படுக்கவைத்து உள்ளே இருப்பதை எல்லாம் அளந்திருப்பேன். ஒரு கைச் சோற்றுக்காக ஒருத்தி ஊமையாக இருப்பாள் என்று எந்த மெஷினிலும் நான் பார்த்ததில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பேச்சியம்மாள் பக்கம் திரும்பினேன்.

"இன்னிக்குக் காலையில நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? ஒண்ணு விடாம திருப்பிச் சொல்லுங்க."

"பேடா குடுத்திய."

"அதுக்கு அப்புறம்?"

"என்னமோ சொன்னிய. நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லிவிட்டோம் என்பதில் ஒன்றும் இல்லை. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காலையிலேயே இதைக் கேட்டிருந்தால் நான் அந்தச் சந்தில் நின்றிருக்க மாட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். அடுப்புப் பக்கத்தில் மூடி இல்லாத எண்ணெய் டின் ஒன்று, முக்கால்வாசி நிறைந்து நின்றது. கணேசனைத் தூக்கச் சொல்லி, வீட்டுக்கு இருந்த ஒரே வாசலில், சரியாக நடுவில் வைக்கச் சொன்னேன். "பவானி, எழுந்து வெளியே வா" என்றேன். அவள் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு எழுந்து இரண்டடி வைத்தாள்.

"ஏட்டி, நில்லு!" என்று பேச்சியம்மாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டார். அவருடைய முன்கை பூராவும் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். "வாசல்ல எண்ணெய வச்சிக்கிட்டு எவளாவது நடப்பாளா? தட்டுனா அம்புட்டும் கொட்டிரும்லா!"

"இதைத்தான் காலையில சொன்னேன். பிள்ளை வெளியே வர்ற வாசல்ல நஞ்சு இப்படி உக்காந்திருக்கு. தட்டினா கொட்டும். தட்டாமலும் கொட்டலாம். ஆனா கொட்டறது எண்ணெய் இல்ல."

"பெறவு?"

"உங்க மருமகளோட ரத்தம்."

பேச்சியம்மாள் டின்னைப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை.

"ஊர்ல கொட்டினா பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"ரெண்டு பஸ்ஸு மாறணும்."

"இங்கேயிருந்து?"

"டாக்ஸியில பத்து நிமிசம்" என்றான் கணேசன்.

பேச்சியம்மாள் கயிறு கட்டிவைத்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கொடை?" என்றார் பேச்சியம்மாள், பலவீனமாக.

"டாக்டர் விடமாட்டேன்னுட்டான்னு சாமிகிட்டச் சொல்லுங்க."

"சுடல கோவிச்சா?"

"எங்கிட்ட அனுப்புங்க. காலையில ஒன்பது மணிக்குக் கிளினிக் திறந்திருக்கும்."

முதல்முறையாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "அப்போ அந்தப் பேடா நெசமாவே ஒங்க மகளுக்குத்தானா?"

"என் மகளுக்குத்தான்."

இந்த முறை கண்ணைச் சிமிட்டவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நசுங்கிப்போன பேடாவை எடுத்து என் கையில் வைத்தார். "அவளுக்கு இன்னும் குடுக்கலையாம்லா. கொண்டுபோய்க் குடுங்க." குரலில் ஏமாற்றம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் கணேசனைப் பார்த்து, "டிக்கெட்ட கேன்சல் பண்ணுல" என்றார். நான் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பவானி மறுபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அவள் தட்டில் சோறு யார் போடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த ஒரு நாள் மரியாதையையும் நான்தான் பிடுங்கிவிட்டேனோ என்று நடக்கும் வழியெல்லாம் புலம்பினேன். மாவ்ஷி கூடவே நடந்தார்.

கொடை நடந்த அன்றைக்கே, மத்தியானம், கணேசன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினான். பவானிக்கு ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. டாக்ஸியில் பத்து நிமிடம் என்று சொன்னவன் ஏழு நிமிடத்தில் கொண்டு சேர்த்திருந்தான். ரத்தம் நின்றது. வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய வாரம் வரைக்கும் தள்ளி, ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்வார்கள் என்று சொன்னான். ரயிலில் அது நடந்திருந்தால் எந்த ஸ்டேஷனில் இறக்கியிருப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

அதற்கு அப்புறம் தகவல் இல்லை. நானும் போன் பண்ணவில்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ஹால் நிறைந்திருந்த நேரத்தில் பேச்சியம்மாள் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. ஹாலில் எல்லார் கண்ணும் அந்தத் தூக்கின் மேல். உள்ளே பேடாவா, பர்ஃபியா? மாவ்ஷி கையில் இருந்த பேனா அப்படியே நின்றது. என் மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார்.

முறுக்கு.

"இனிப்பு குடுத்தா இந்த ஊருல அர்த்தம் சொல்லுதாவ டாக்டரம்மா. முறுக்குன்னா முறுக்குத்தான்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஊரார் என்னைக் கேட்டதை, நான் கேட்காதே கேட்காதே என்று சொல்லித்தந்ததை, அத்தனை பேர் முன்னால் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"என்ன குழந்தை?"

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன குழந்தைன்னு கேக்கப்பிடாது. நல்லா இருக்கான்னு மொதல்ல கேளுங்க."

ஹாலில் எழுந்த சிரிப்பில் மாவ்ஷியின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அசடு வழிந்துகொண்டே, "பவானி நல்லா இருக்காளா?" என்று கேட்டேன்.

"இருக்கா." தூக்கில் இருந்த முறுக்கை மாவ்ஷி கொண்டுவந்த தட்டில் கொட்டிவிட்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "இருந்து டீ குடிச்சுட்டுப் போங்கம்மா" என்றேன்.

"நேரமில்ல. ரெண்டு பேத்தியும் அவ மேலேயே ஏறிக் கெடக்காளுவ, எந்திரிக்க விடமாட்டாளுவ. நாந்தான் போயிச் சோறு போடணும்."